சான்றுப் பொருள் இலக்கம் மூன்று

டிப்பரை அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.
பதிவுப் புத்தகம் இருந்தது, முதலாளி இருந்தார்,
முதலாளிக்கு ஒரு சட்டத்தரணி இருந்தார்.
பிணைமுறியில் ஒப்பம் காய முதலே
அது ஆற்றுக்குள் இறங்கி மணல் ஏற்றிக்கொண்டிருந்தது.

சைக்கிளை விடவில்லை.
காலையும் விடவில்லை.

தருமபுரம் பொலிஸ் நிலையத்தின் பின்புறம்
கசிப்புக் கான்களுக்கும்
களவாய்த் தறித்த முதிரைக் குற்றிகளுக்கும் இடையில்
சாய்த்து வைத்திருந்தார்கள்:
முன்சில்லு மடிந்த ஒரு லேடீஸ் சைக்கிள்,
நசுங்கிய பால் கான்,
முழங்காலுக்குக் கீழான ஒரு வலது கால்,
செருப்போடு.
ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய மட்டை.
கால் மூன்றாம் இலக்கம்.

பரஞ்சோதி மங்களேஸ்வரி, நாற்பத்துநான்கு, விசுவமடு.
கோப்பில் இவ்வளவும் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
கக்கத்தில் ஊன்றுகோல், தோளில் கட்டு,
மடியில் ஒரு பொலித்தீன் பை நிறையக் கடதாசி.
உங்கட வாக்குமூலத்தை வாசிச்சுக் காட்டினவையோ?
"சிங்களத்தில எழுதினவை.
வை எண்டினம், வச்சன்."
மொழிபெயர்ப்பில் இருந்தது:
நான் சடுதியாக வலப்பக்கம் திரும்பினேன்.
"வலப்பக்கம் என்ன கிடக்குத் திரும்ப?
பால் எடுக்கிற இடம் இடப்பக்கமெல்லோ."

காப்புறுதிக் கொம்பனியின் கடிதம் ஒன்றரைப் பக்கம்.
அங்க இழப்பு: இல்லை.
பொருட்சேதம்: துவிச்சக்கரவண்டி ஒன்று, பாத்திரம் ஒன்று,
செயற்கை உறுப்பு ஒன்று (பழையது).
தேய்மானம் கழிக்கப்படும்.

தேய்மானம்.
விடிய நாலரைக்குக் கறந்து
ஐந்தரைக்கு மிதித்து
பனியிலும் செம்மண் புழுதியிலும்
ஒன்பது வருடம் தேய்ந்ததை
அவர்கள் கழிக்கப்போகிறார்கள்.

முந்தின காலைப் பற்றி நான் கேட்கவில்லை.
தானாகத்தான் சொன்னார், கடதாசிகளை அடுக்கியபடி:
"அதுக்கு நம்பர் ஒண்டும் குடுக்கேல்லைத் தங்கச்சி.
இதையெண்டாலும் பதிஞ்சு வச்சிருக்கினம்."
பிறகு,
"எட்டு லீற்றர் பால் கொட்டுண்டது. அதை எழுதினீங்களோ?"
எழுதவில்லை. எழுதினேன்.

கிளிநொச்சியில் அன்று எழுபத்தாறு வழக்கு.
எங்களைக் கூப்பிடும்போது வெயில் உச்சி.
டிப்பர்ச் சாரதி மற்றப் பக்கம் நின்றான்,
இருபத்திரண்டு இருக்கும்,
சேட்டுக் கைமடிப்பை அவிழ்த்து அவிழ்த்து மடித்தான்.
ஒரு தரமும் அவர் பக்கம் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் எனக்கு இன்னும் இலேசாய்க் கோபம் வந்திருக்கும்.

காலை விடுவிக்குமாறு விண்ணப்பம்.
உரிமைக்கு என்ன அத்தாட்சி, என்றார் நீதவான்.
விற்பனைச் சிட்டை இல்லை.
தந்த நிறுவனம் நாட்டை விட்டுப் போய்விட்டது.
இரவிரவாய்த் தேடிய தீர்ப்புகளில்
மாடு இருந்தது, வள்ளம் இருந்தது, நகை இருந்தது.
கடைசியில் சொன்னேன்:
கனம் நீதவான் அவர்களே,
வேறு எவருக்கும் அது அளவில்லை.

மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
யாரோ பின்வாங்கில் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.

படமெடுத்துவிட்டு விடலாம் என்று கட்டளை.
பத்தாயிரம் ரூபா பிணைமுறி.
விற்கக்கூடாது, கைமாற்றக்கூடாது, உருமாற்றக்கூடாது,
மன்று கேட்கும்போது கொண்டுவரவேண்டும்.
"நடந்து வந்தாக் காணுமோ?" என்று
என் காதுக்குள் கேட்டார்.

வேப்பமரத்தடியில் குந்தி மாட்டிப் பார்த்தார்.
மட்டையை அவிழ்க்க நான் குனிய, தடுத்தார்.
மேற்பட்டி பாதி அறுந்து தொங்கியது.
"இதைத் தைக்கலாமோ,
அல்லது உருமாத்தினது எண்டு பிடிப்பினமோ?"

நட்டஈட்டு வழக்கு இனித்தான் மாவட்ட நீதிமன்றில்.
மூன்று வருடம் என்று சொல்லியிருந்தேன்,
நாலாகும் என்று தெரியும்.
ஆனால் இந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவு?

தையுங்கோ, என்றேன்.
ஒரு பிரிவையும் பார்க்கவில்லை.

சைக்கிளுக்கு பெப்ரவரி பதினெட்டுத் தவணை.